போலிக் குரலும் மெய்யுரையும்

பெருநிறுவனங்களின் வேடம் பூண்டு, அவற்றின் குரலிலேயே பேசி அவற்றைக் கண்டிக்கும் எதிர்ப்பு முறையொன்று அண்மைக் காலத்தில் மேனாடுகளில் வளர்ந்துள்ளது. அதைக் கையாள்வோருள் 'யெஸ் மென்' என்னும் அமெரிக்கக் குழுவினர் பெயர்பெற்றவர்கள். 'ஆமாம் சாமிகள்' என்று நாம் அவர்களை அழைக்கலாம். இவர்கள் செய்வது வெறும் குறும்போ, பொய்ச்சாட்சியோ, அன்றி இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்டதோ?

1999-இல் இவர்கள் உலக வணிக அமைப்பினுடையதைப் போன்றே தோன்றும் இணையதளம் ஒன்றை அமைத்தனர். அதை மெய்யென நம்பியோர் அழைக்க, 2000-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் வழக்கறிஞர் அவையொன்றில் அவ்வமைப்பின் பேராளராக ஒருவர் தோன்றி, தேர்தல் வாக்குகளை ஏலத்தில் விற்கலாம் என்று உரைத்தார். அவை கொந்தளிக்கவில்லை. தீமையை மிகைப்படுத்திக் காட்டியும் கேட்டவர்கள் திடுக்கிடவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

போபாலில் 1984 டிசம்பர் 2-3 இரவில் யூனியன் கார்பைடு ஆலையினின்று கசிந்த மீதைல் ஐசோசயனேட் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. 1989-இல் 47 கோடி டாலரோடு இழப்பீடு முடிக்கப்பட்டது. 2001-இல் யூனியன் கார்பைடை வாங்கிய டௌ கெமிக்கல் நிறுவனம், போபாலின் பொறுப்பு தன்னைச் சாராது என்றது. மறு ஆண்டில் 'ஆமாம் சாமிகள்' டௌ நிறுவனத்தின் பெயரில் போலித் தளம் ஒன்றை நிறுவினர். இருபதாம் ஆண்டு நினைவுநாளுக்கு நிறுவனப் பேச்சாளரைத் தேடிய பி.பி.சி. அத்தளத்தின் வழியே அழைப்பு விடுத்தது.

2004 டிசம்பர் 3-ஆம் நாள், ஜூட் பினிஸ்டெரா என்ற பெயருடன் பாரிஸ் நகர் ஒளிபரப்பு நிலையத்தில் அமர்ந்தவர், டௌ முழுப்பொறுப்பை ஏற்கிறது என்றும், யூனியன் கார்பைடை விற்று 1,200 கோடி டாலரைப் பாதிக்கப்பட்டோருக்கு அளிக்கும் என்றும் அறிவித்தார். (ஜூட் என்பது யூதா ததேயுவின் பெயர்; கைவிடப்பட்ட காரியங்களுக்குத் துணைநிற்பவராகக் கத்தோலிக்க மரபு அவரைப் போற்றுகிறது.) இம்முறை அவர்கள் மிகைப்படுத்தியது தீமையை அன்று, நிறுவனம் செய்யவேண்டிய நன்மையையே அதன் வாயில் வைத்தனர். பிராங்பர்ட் பங்குச் சந்தையிலோ டௌ பங்கின் விலை 4 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. சால்ஸ்பர்க்கில் அநீதிக்கு அசையாத உலகம், நீதியின் பேச்சுக்கு நடுங்கிற்று! பின்பு டௌ நிறுவனம், அவ்வாறு எதுவும் செய்யப்போவதில்லை என்பதைத் தன் சொந்த வாயால் உலகறியச் சொல்ல நேர்ந்தது.

ஆகாப் அரசன்முன் மிகாயா தீர்க்கன், அரண்மனைத் தீர்க்கரின் சொற்களையே முதலில் திருப்பிச் சொன்னதை நாம் அறிவோம். அரசன் அதன் பொய்மையை உடனே கண்டுகொண்டு உண்மையைக் கேட்டான். அங்கே அச்சொல்லால் ஏழை எவனும் ஏமாறவில்லை. போபாலிலோ, செய்தியைக் கேட்டு மகிழ்ந்தோர் சில மணி நேரத்தில் அது பொய்யென்று அறிந்தனர். குழுவினர் மீது சுமத்தப்படும் குற்றங்களுள் இதுவே கனமானது, பி.பி.சி.க்கு நேர்ந்த தலைக்குனிவு நமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பின்னர் அவர்கள் போபாலுக்கே சென்று பாதிக்கப்பட்டோரைச் சந்தித்தனர். 2009-இல் வெளிவந்த அவர்களது திரைப்படம் அதைக் காட்டுகிறது. ஆயினும் அச்சந்திப்பு நாடகத்திற்கு முன்பே நிகழ்ந்திருக்கவேண்டும் என்பது நம் துணிபு. துன்புறுவோரின் பெயரால் வேடம் பூணுமுன் அவர்களது சம்மதத்தைக் கேட்பது தகும்.

கூடுதல் இழப்பீடு கோரி இந்திய அரசு தொடுத்த சீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சு மாதம் தள்ளுபடி செய்தது.