விநியோக வாகனப் புகையும் நுரையீரல் நோயாளிகளும்

கீரப்பாளையம் போன்ற ஊர்களுக்கும் இன்று இணையவழியில் வாங்கும் பொருள்கள் வாசலுக்கே வருகின்றன. பொருளை ஒப்படைக்கும்வரை சில டீசல் வாகனங்கள் என்ஜினை அணைக்காமலே நிற்கின்றன. இப்புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்று படிவதுடன், மூச்சுக்குழாயை உறுத்திச் சுருக்கவும் செய்யும். ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு அச்சில நிமிடங்களே மூச்சிரைப்பைத் தூண்டப் போதுமானவை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் வகைப்படுத்தியது.

2025-க்குள் 10,000 மின் வாகனங்களை விநியோகத்தில் ஈடுபடுத்துவதாக அமேசான் இந்தியா 2020-இல் அறிவித்தது. 2030-க்குள் விநியோக வாகனங்கள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்ற பிளிப்கார்ட் உறுதியளித்துள்ளது. மின் வாகனம் வாசலில் புகை கக்குவதில்லை. ஆயினும் டயர் தேய்மானத் துகளும் சாலைப் புழுதியும் முற்றிலும் நீங்கிவிடா.

அம்மாற்றம் நம் தெருவை எட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்ஜினை அணைக்குமாறு ஓட்டுநரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம், பெரும்பாலோர் மறுப்பதில்லை. பொருள்களை ஒரே நாளில் வருமாறு சேர்த்துப் பதிவு செய்தால் வாகனம் வரும் முறைகள் குறையும். நோயாளிக்குப் பதிலாக வீட்டிலுள்ள வேறொருவர் சென்று பெற்றுக்கொள்ளலாம். துணி முகக்கவசம் நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது.

மருத்துவர் பரிந்துரைத்த இன்ஹேலரை, நலமாக உணரும் நாள்களிலும் நிறுத்தக் கூடாது. மூச்சிரைப்பால் ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நிவாரண இன்ஹேலரைப் பயன்படுத்தி உடனே 108-ஐ அழைக்கவும்.