புது வண்டு என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

குமாரலிங்கபுரம் பக்கத்துக் கரிசல் காட்டில் கருவேலங்கன்றின் தூரடியில் மரத்தூள் குவிந்திருந்தால், உள்ளே புழு குடைகிறது என்று சந்தேகிக்கலாம். வேரைத் தின்று வளர்ந்து, நீண்ட கொம்புகளோடு வண்டாக வெளிவரும் செலோஸ்டெர்னா ஸ்கேப்ரேட்டர் கருவேலுக்குப் பேர்போன எதிரி. அதற்குப் பூச்சியியலாளர் ஃபெப்ரீசியஸ் 1781-லேயே பெயர் வைத்துவிட்டார்.

நீள்கொம்பு வண்டுகளில் 35,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கையில் கிடைத்தது புதியது என்று எப்படிச் சொல்வது? நிறத்தை நம்ப முடியாது. மேலே படிந்த நுண்மயிர் உதிர்ந்தால் அதே வண்டு வேறு வண்டாகத் தெரியும். அதனால் கொம்புக் கணுக்களின் நீள விகிதம், மார்பின் பக்கவாட்டு முள், இறக்கை உறையின் நுண்குழிகள் என்று நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். அப்போதும் ஐயம் தீராவிட்டால், ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து இனப்பெருக்க உறுப்பை எடுத்து ஒப்பிடுகிறார்கள். நெருங்கிய இனங்களைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டுவது அதுதான்.

பிறகு பழைய நூல்களும் அருங்காட்சியக மாதிரிகளும். இந்திய நீள்கொம்பு வண்டுகளுக்கு இன்றும் ஆதார நூல், பூச்சியியலாளர் கஹான் 1906-இல் எழுதியது. கருவேல வண்டு சேர்ந்த லாமியினே என்ற பெரிய துணைக்குடும்பம் அதில் இடம்பெறவே இல்லை. இது பெரிய குறை.

புதியதுதான் என்று உறுதியானால், ஒரு மாதிரியை அந்தப் பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியாக அறிவித்து, விளக்கத்தோடு பெயரை வெளியிடுவார்கள்.

மழைக்குப் பின் உங்கள் தோட்டத்தில் இப்படியொரு வண்டைக் கண்டால் படம் எடுங்கள். நாள், ஊர், மரம் மூன்றையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.