எட்டு ஆண்டு பணியாத செஞ்சிக் கோட்டை

ஓரிக்கையிலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் வந்தவாசி. அதற்கும் தெற்கே செஞ்சி. தூரம் 100 கிலோ மீட்டருக்குள்தான். விடியற்காலையில் கட்டுச்சோற்றுடன் குடும்பமாகக் கிளம்பினால், வெயில் ஏறுமுன் கோட்டை வாசலில் நிற்கலாம்.

இது ஒரு மலைக் கோட்டை அல்ல. மூன்று மலைக் கோட்டை! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் ஒரே மதில் வளைத்து நிற்கிறது. கோனார் தலைவர்கள் தொடங்கினார்கள். நாயக்க மன்னர்கள் பெருக்கினார்கள். 1677-ல் சிவாஜி பிடித்தார். தொல்லியல் துறை பழுது பார்த்துக் காத்து வரும் இக்கோட்டை, 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

உள்ளே போனதும் கண்ணில் படுவது கல்யாண மகால். அடுக்கடுக்காக உயரும் அழகிய மாளிகை. அழகைவிட அதிசயம் ஒன்று உண்டு. வெளியே இருந்த குளத்து நீரை மண் குழாய் வழியாக மாடிக்கே கொண்டுவந்திருக்கிறார்கள்! பக்கத்தில் பெரிய நெற்களஞ்சியம்.

ராஜகிரி ஏற்றம்

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. படிகள் செங்குத்து. குரங்குகள் அதிகம், கட்டுச்சோற்று மூட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உச்சிக்குச் சற்று முன்பு பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி. குறுக்கே ஒரு பாலம். அந்தக் காலத்தில் இருந்தது மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் எதிரி எப்படி வருவான்? மேலேயும் களஞ்சியம் உண்டு, சுனை நீர் உண்டு.

பசித்தது யார்?

சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் 1690-ல் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே இருப்பவர்களைப் பட்டினி போட்டுப் பணிய வைப்பதுதானே முற்றுகை?

நடந்ததோ வேறு. மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து தாக்கியது. தானியம் வரும் வழி அடைபட்டது. முற்றுகையிட்ட மொகலாயப் படையே பசியால் வாடியது! 1693-ல் அது வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது.

மீண்டும் வந்தார்கள். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

வெளியே வந்த வீரன்

தெருக்கூத்தில் பார்த்த தேசிங்கு ராஜன் இந்தக் கோட்டைக்கு உரியவர்தான். 1714-ல் ஆற்காட்டு நவாப் கப்பம் கேட்டுப் படையெடுத்தார். தேசிங்குக்கு வயது 22. கூட இருந்தவர்கள் சில நூறு பேர்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம். சுனையும் களஞ்சியமும் அப்போதும் இருந்தன. அவரோ குதிரையேறி, வெள்ளம் ஓடிய ஆற்றைக் கடந்து, வெட்டவெளியில் போய் மோதினார். அங்கேயே மாண்டார்.

அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். அந்த ராணியின் பெயரால் நவாப் உண்டாக்கிய ஊர்தான் பாலாற்றங்கரையில் உள்ள ராணிப்பேட்டை.