கரும்பு வளர்த்த ஹவாய்

ஹவாய் என்றதும் கடற்கரையும் பூமாலையும்தானே உங்கள் நினைவுக்கு வரும்? அமெரிக்காவின் அந்த 50ஆவது மாநிலம் தோட்டப் பாட்டாளிகளின் வியர்வையில் வளர்ந்தது என்பதை அறிவீர்களா?

பசிபிக் கடலிலுள்ள இத்தீவுகள் முன்பு தனி அரசாக இருந்தன. 1835இல் காவாய் தீவின் கொலோவாவில் கரும்புத் தோட்டம் தொடங்கியது. பின்னர் சீனா, ஜப்பான், போர்ச்சுகல், கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். எண் பொறித்த உலோக வில்லைதான் தொழிலாளியின் அடையாளம். பெயர் சொல்லி அழைப்பாரில்லை! இனத்துக்கொரு குடியிருப்பு, இனத்துக்கொரு கூலி.

1893இல் அரசி லிலியுஒகலானி பதவியிழந்தார். 1898இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது.

1909இல் ஜப்பானியர் மட்டும் வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் மற்ற இனத்தாரை வேலைக்கு வைத்து அதை முறியடித்தனர். பாடம் கற்ற தொழிலாளர்கள் 1946இல் எல்லா இனத்தாரும் ஒரே சங்கமாக நின்றனர். சுமார் 26,000 பேர், 79 நாள் போராட்டம்! பொதுச் சமையலில் பசியாறினர். கூலி உயர்வும் பெற்றனர்.

1959இல் ஹவாய் மாநிலமானது. 2016இல் மாவி தீவிலிருந்த கடைசிச் சர்க்கரை ஆலையும் மூடப்பட்டது. கரும்பு போய்விட்டது. ஆனால் அன்று பிரிந்து நின்று தோற்றவர்கள் பின்பு சேர்ந்து நின்று வென்ற கதையை, உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்!