ஆச்சியின் சொம்பில் எந்த ஈயம்?

இரணியல் பக்கத்துப் பழைய வீடுகளில் மச்சைத் துழாவினால், உருளிக்குப் பின்னால் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு சொம்பு கிடைக்கலாம். ஆச்சியைக் கேளுங்கள். ‘ஈயச் சொம்புலா, ரசம் வைக்கது’ என்பார். எந்த ஈயம் என்பதுதான் நம் கேள்வி. வெள்ளீயம் என்றால் பயமில்லை. காரீயம் கலந்திருந்தால் அதில் சமைக்கவே கூடாது.

புளி, செம்பையும் பித்தளையையும் அரித்துக் களிம்பேற்றும். வெள்ளீயத்திடம் அதன் வேகம் மிகக் குறைவு. அதனால்தான் பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தேய்த்து, உள்ளே ஈயம் பூசினார்கள். ஆனால் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அடுப்புத் தீயின் சூடு அதைவிட மிக அதிகம். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பின் சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கும். வெறும் சொம்பை வைத்தால் உருகி ஓடிவிடும்.

காரீயம் விலை குறைவு என்பதால் கலந்தார்கள். ஐரோப்பாவின் பழைய ‘பியூட்டர்’ (வெள்ளீயக் கலவை) குவளைகள் பலவற்றிலும் அது உண்டு. மலேசியாவில் 1885-இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நிறுவனம் இன்று செய்யும் பியூட்டரில் வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பும் ஆன்டிமனியும்தான், காரீயம் இல்லை. புளிப்பில் காரீயம் கரையும். வயிற்றுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும்.

காரீயம் அதிகமிருந்தால் வெள்ளைத் தாளில் தேய்க்கும்போது சாம்பல் கோடு விழும். கோடு விழாததால் மட்டும் நம்பிவிடாதீர்கள். எடை இன்னும் நல்ல சாட்சி. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொம்பை நிறுங்கள். வாளியில் விளிம்புவரை நீர் நிரப்பி, காற்றுக்குமிழி தங்காமல் சொம்பைச் சாய்த்து முழுதும் அமிழ்த்துங்கள். வழிந்த நீரைப் பிடித்து அளவுக் குவளையில் பாருங்கள். 730 கிராம் சொம்புக்கு 100 மில்லி வழிந்தால் அது ஏறத்தாழ வெள்ளீயம். 93 மில்லிதான் வந்தால் ஐந்தில் ஒரு பங்கு காரீயம் இருக்கலாம். காரணம், ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் 7.3 கிராம், காரீயமோ 11.3 கிராம்.

சிறு கலப்படம் இந்த அளவில் தப்பிவிடும். சந்தேகம் தீராவிட்டால் எக்ஸ் கதிரால் உலோகம் அறியும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை சொம்பு மச்சிலேயே இருக்கட்டும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.