வரிக்கோழி முட்டையில் கறுப்புக் குஞ்சா?

கோழி வளர்க்காத லயத்து வீடு எங்கள் தோட்டத்தில் குறைவு. கோழியால் வரும் சண்டைக்கோ குறைவே இல்லை! சென்ற ஆண்டு மூண்ட ஒரு சண்டை என் வகுப்பறை வரை வந்துவிட்டது.

ஒரு வீட்டில் உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட பிளிமத் ராக் பெட்டை இருந்தது. அதன் முட்டைகளில் பத்தை, பக்கத்து வீட்டு அடைகோழியிடம் வைக்கக் கொடுத்தார் அவ்வீட்டு அம்மாள். குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. எட்டு பொரித்தன. இறகு முளைத்ததும் பார்த்தால் மூன்று வரி, ஐந்து கறுப்பு!

"என் கோழிக்கு ஏது கறுப்புக் குஞ்சு? முட்டையை மாற்றிவிட்டாய்" என்று சொல்லி, வரிக்குஞ்சுகள் மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பல ஆண்டுச் சிநேகம் முறிந்தது. இரு வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

இருவரையும் அழைத்து, "சேவல் எது?" என்று கேட்டேன். "எங்கள் வீட்டு ரோட் ஐலண்ட் சிவப்புச் சேவல்தான் சார்" என்றார் கோழிக்காரம்மாள். வழக்கு அங்கேயே தீர்ந்தது.

காரணம் இதுதான். சேவலுக்கு 'இசட்' என்னும் குரோமோசோம் இரண்டு உண்டு. பெட்டைக்கு இசட் ஒன்றுதான். அதற்கு இணையாக நிற்பது 'டபிள்யூ'. வரி போடும் மரபணு இசட்டில் இருக்கிறது. தாய்க்கோழி தன் ஒரே இசட்டைச் சேவல் குஞ்சுக்கே கொடுக்கிறது. பெட்டைக் குஞ்சுக்கு டபிள்யூவைத்தான் கொடுக்கிறது. ஆகவே வரி மகனுக்குப் போகிறது, மகளுக்கு இல்லை. வரிக்கு அடியில் உள்ள கறுப்பு நிறம் மட்டும் இருபாலுக்கும் போய்ச் சிவப்பை மறைத்துவிடுகிறது. கழுத்தில் கொஞ்சம் சிவப்பு தலைகாட்டலாம்.

அப்படியானால் கறுப்பு ஐந்தும் பெட்டைகள்! முட்டையிடப் போகிறவற்றை விட்டுவிட்டு, மூன்று சேவல்களைத் தூக்கிப் போயிருந்தார் அந்த அம்மாள்.

இந்தக் கலப்பில் பொரித்த அன்றே பால் பிரிக்கலாம். எல்லாக் குஞ்சும் கறுப்பாகவே இருக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லையேல் பெட்டை. முதல் உலகப் போரில் (1914-1918) பிரிட்டனில் தீனி முடையானபோது, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் புன்னெட், இப்படி இறகு நிறத்தால் பால் பிரித்துத் தீனியை மிச்சப்படுத்தலாம் என்று எடுத்துரைத்தார்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு மூன்று எச்சரிக்கைகள்:

வரி தாயிடம் இருக்க வேண்டும். அசல் வரிச்சேவலைச் சிவப்புப் பெட்டையோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சுக்கும் வரி வரும், பால் தெரியாது.

வெள்ளை லெகார்ன் சேவல் வேண்டாம். அதன் வெள்ளை, கறுப்பை அழுத்திவிடும்.

கலப்புக் குஞ்சுகளையே மறுபடி இணைத்தால் பொட்டை நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் அசல் தாய் தகப்பனே வேண்டும்.

மறுநாள் மாலை அந்த அம்மாள் ஒரு வரிக்குஞ்சைக் கையில் பிடித்தபடி பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். "நாலு நாலாகப் பிரித்துக்கொள்வோம்" என்றாராம். இப்போது இரண்டு வீட்டிலும் கறுப்புக்கோழி முட்டையிடுகிறது. பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.