கோடு நகரவில்லை, கரை இருக்கிறதா?

புதுச்சேரி காந்தி சிலைக்குக் கீழே ஒரு காலத்தில் மணல் இருந்தது. கட்டுமரம் ஏற்றிவைக்க, வலை உலர்த்த, சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார என்று எல்லாவற்றுக்கும் அங்கே இடம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் கட்டிய கடல் பாலத்தை 1952-இல் புயல் கொண்டுபோனது. மணலை அதனால் கொண்டுபோக முடியவில்லை.

மணலுக்கு வினை வந்தது 1980களின் இறுதியில். துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கற்களைக் கொட்டிக் கடலுக்குள் தடுப்புச் சுவர் நீட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திசை மாறும். வரவு செலவு பார்த்தால் மிச்சம் வடக்குக்குத்தான். சுவர் அதை மறித்ததும் தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் குவிந்தது, வடக்கே நகரக் கரை வெறுமையானது. சேர்ந்த மணலை வடக்கே மாற்றிப் போடும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும் அது முறையாக நடக்கவில்லை. சாலையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்போ குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தமிழகப் பகுதியான கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று குப்பம் குப்பமாக வடக்கே ஏறியது.

இந்த மாற்றத்தை அன்று மீனவர் கண்ணும் நில அளவை வரைபடமும்தான் சொல்லின. இன்று செயற்கைக்கோள் சொல்கிறது. அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும். அதனால் படத்தில் கடல் கறுத்தும் கரை வெளுத்தும் தெரியும். இரண்டும் சந்திக்கும் இடமே கரைக்கோடு. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஒப்பிட்டு, இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்குள்ளாகியிருப்பதாகக் கணக்கிட்டது.

ஆனால் கரைக்கோட்டை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். கருங்கல் நகராது, ஆகவே கல் கொட்டிய கரை படத்தில் 'நிலையானது' என்றே பதிவாகும். பங்குனி ஆமை முட்டையிட மணல் உண்டா, நண்டு வளை தோண்ட இடம் உண்டா என்று அந்தக் கோடு சொல்லாது. வீராம்பட்டினத்தில் கரை வளர்ந்ததாகக் காட்டும் கோடும் அப்படித்தான். அந்த வளர்ச்சிக்குள் வடக்கு இழந்த மணலும் கிடக்கிறது. தூத்துக்குடி அருகே வான் தீவு சுருங்கியதையும் வானத்திலிருந்து அளந்துவிடலாம். அதைக் காத்துவந்த பவளப்பாறையை வெட்டியெடுத்த சேதம் எவ்வளவு என்பது நீருக்குள் இறங்கியவர்களுக்கே தெரியும்.

2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, ஆப்பு வடிவ எஃகுத் தடுப்பொன்றைக் கடலில் மூழ்கவைத்தது. அதையொட்டி மணல் திரும்பியது. நகரத்துப் பிள்ளைகள் மறுபடி அங்கே ஓடி விளையாடுகிறார்கள். மகிழ வேண்டிய மாற்றம்தான். ஆனால் செயலகத்துக்கு முன்னால் சேர்ந்த மணலை மட்டும் படம் பிடித்துக் கரை பிழைத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. வீராம்பட்டினம் முதல் பொம்மையார்பாளையம் வரை முழுக் கரையையும் ஒரே படத்தில் வைத்து, பருவந்தோறும் பார்க்க வேண்டும். வடக்கே கடைசிக் குப்பத்துக்கும் மணல் போய்ச் சேர்ந்தால்தான் கரை தேறியது என்று சொல்லலாம்.